வண்டிக்கு ரேடியோ வாங்கும்போது வாட்டுக்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இது: வண்டியில் உட்கார்ந்து 5 வாட் வாக்கி டாக்கியில் பேசினால் சில கிலோமீட்டருக்கு மேல் எட்டவில்லை. கையைக் கடிக்காத விலையில், 50 வாட்டோ அதற்கு மேலோ தரும் ரேடியோ ஒன்றை வண்டியில் பொருத்த வேண்டும். எதை வாங்கலாம்?

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பேசுவது விஎச்எஃப்பில் (இங்கே 145 மெகாஹெர்ட்ஸ் பக்கமுள்ள அலைவரிசைகள்) மட்டும்தான் என்றால் 50 முதல் 65 வாட் வரை தரும் சிங்கிள் பேண்ட் மொபைல் ரேடியோ, அதாவது ஒரே அலைவரிசைப் பகுதிக்கான, வண்டியில் பொருத்தும் ரேடியோ வாங்குங்கள். யுஎச்எஃப்பும் (435 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) வேண்டும் என்றால் இரண்டும் உள்ள 50 வாட் டூயல் பேண்ட். அதற்கு மேல் 75, 80 வாட் என்று தேடி அலைய வேண்டாம். இன்னொன்று, ஒதுக்கிய பணம் முழுவதையும் ரேடியோவிலேயே போட்டுவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கையாவது ஆண்டெனாவுக்கும், அதை ரேடியோவோடு இணைக்கும் கோஆக்ஸ் கேபிளுக்கும் பேட்டரி வயருக்கும் எடுத்து வையுங்கள். ஏன் என்பதுதான் மீதிப் பதில் முழுவதும்.

உங்கள் 5 வாட் ஹேண்ட்செட் எட்டாமல் போவதற்கு 5 வாட் என்பது முதல் காரணம் இல்லை. நாலு பக்கமும் தகடு சூழ்ந்த கூண்டுக்குள் உட்கார்ந்து, விரல் நீள ரப்பர் ஆண்டெனாவில் பேசுகிறீர்கள். சிக்னலில் பெரும் பகுதி வெளியே போவதே இல்லை. அதனால் எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். காந்த அடி வைத்த ஆண்டெனா ஒன்றைக் கூரையின் நடுவில் ஒட்டி, அடாப்டர் போட்டு இதே ஹேண்ட்செட்டில் இணைத்துப் பேசிப் பாருங்கள். தடித்த கேபிளை நேராகத் திருகினால் அதன் எடையே ஹேண்ட்செட்டின் கனெக்டரை உடைத்துவிடும். இடையில் மெல்லிய குட்டி கேபிள் ஒன்று போடுங்கள். பலருக்கு இதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. தீராவிட்டாலும் பணம் வீண் இல்லை, அந்த ஆண்டெனா புது ரேடியோவுக்கும் ஆகும்.

இப்போது வாட் கணக்குக்கு வருவோம். சக்தியை இரண்டு மடங்கு ஆக்கினால் சிக்னல் 3 டெசிபெல் (சிக்னல் பலத்தை ஒப்பிடும் அளவு) கூடும். ரேடியோவில் சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு படி ஏற 6 டெசிபெல் வேண்டும், அதாவது நாலு மடங்கு சக்தி. 5 வாட்டிலிருந்து 50 வாட்டுக்குப் போனால் 10 டெசிபெல் கிடைக்கும். இது நல்ல தாவல், காதுக்கு நன்றாகத் தெரியும். 25-லிருந்து 50-க்குப் போனால் 3 டெசிபெல். இரைச்சலோடு அரைகுறையாகக் கேட்டவர் கொஞ்சம் தெளிவாகக் கேட்பார், அவ்வளவுதான். 50-லிருந்து 80-க்குப் போனால் வெறும் 2 டெசிபெல். மட்டமான கேபிள் ஒன்றைப் போட்டு இந்த 2 டெசிபெல்லை நீங்களே தொலைத்துவிட முடியும்.

அடுத்து தூரம். விஎச்எஃப், யுஎச்எஃப் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. பூமியின் வளைவு குறுக்கே வரும்போது எத்தனை வாட் போட்டாலும் பெரிதாகப் பலன் இருக்காது. ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அந்த ஆண்டெனாவின் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் வரும். கார் கூரையில் 2 மீட்டர் உயரத்தில் ஆண்டெனா இருந்தால் சுமார் 5.8 கிலோமீட்டர். இரண்டு கார்கள் சமவெளியில் பேசிக்கொண்டால் இரண்டையும் கூட்டி ஏறத்தாழ 12 கிலோமீட்டர். எதிர்முனையில் சுற்றுப்புறத்தைவிட 300 மீட்டர் உயர்ந்த மலையில் ஒரு ரிப்பீட்டர் (வரும் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) இருந்தால் அதே கார் 77 கிலோமீட்டர் வரை எட்டும். ஒரு வாட் கூடக் கூட்டாமல் கிடைக்கும் தூரம் இது. உங்கள் பகுதியில் ரிப்பீட்டர் இருக்கிறதா, அதைத் திறக்க எந்த டோன் (குரலோடு சேர்ந்து போகும் அடையாள ஒலி) வேண்டும் என்று விசாரிப்பதைத்தான் நான் முதல் வேலையாகச் சொல்வேன்.

அப்படியானால் அதிக சக்தி எதற்கு? காரணம் இருக்கிறது. மேலே சொன்னது திறந்த வெளிக்கான கணக்கு. நிஜத்தில் வழியில் மரங்கள், கட்டடங்கள், மேடு பள்ளங்கள். ஓடும் வண்டியில் சிக்னல் நொடிக்குப் பல முறை எழுந்து விழும். பேச்சு படபடவென்று வெட்டுப்படும். அந்தப் பள்ளங்களை நிரப்பத்தான் கூடுதல் வாட். அடர்ந்த காட்டுச் சாலை, மேட்டுக்குப் பின்னால் மறைந்த பள்ளத்தாக்கு, ரிப்பீட்டரின் எல்லை விளிம்பு, இந்த மூன்று இடங்களில் 50 வாட்டின் அருமை தெரியும். ஆகவே அதிக சக்தி வேண்டும் என்று நீங்கள் நினைப்பது தவறில்லை. அந்தத் தேவை 50-க்குப் பக்கத்திலேயே நிறைவேறிவிடுகிறது என்றுதான் சொல்கிறேன்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. உங்கள் குழுவில் மற்றவர்கள் எல்லோரும் 5 வாட் ஹேண்ட்செட் வைத்திருந்தால், தூரம் கூடும்போது 50 வாட்டில் நீங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் பதில் உங்களுக்குக் கேட்காமல் போகலாம். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் வரவில்லை என்று நீங்கள் குழம்புவீர்கள். அங்கே அவர் கத்திக்கொண்டிருப்பார். வாட் ஒரு வழிக்கு மட்டும்தான் உதவும். ஆண்டெனா போகும் வழிக்கும் வரும் வழிக்கும் சேர்த்தே உதவும்.

கேட்கும் திறனைப் பற்றி விலைப்பட்டியல்கள் வாயே திறப்பதில்லை. விலை குறைந்த ரேடியோக்களைப் பிரிப்பது இதுதான். சில குட்டி மொபைல் ரேடியோக்கள் ஹேண்ட்செட்டில் இருக்கும் அதே வகை ஒற்றைச் சிப்பை வைத்துச் செய்தவை. ஊருக்கு வெளியே நன்றாகவே கேட்கும். டவர்கள் நெருங்கிய நகரத்துக்குள் நுழைந்ததும் பக்கத்து அலைவரிசைகளின் பலமான சிக்னல்கள் உள்ளே புகுந்து ரிசீவரை அமுக்கிவிடும். எதிர்முனையில் இருப்பவர் திடீரென்று காணாமல் போவார். வெளியே ஒரு நல்ல ஆண்டெனா போட்டால் இந்தக் குறை இன்னும் அதிகமாகத் தெரியும், ஏனென்றால் வேண்டாத சிக்னல்களும் அதே பலத்தோடு உள்ளே வரும். விவரக் குறிப்பில் ‘சூப்பர்ஹெட்டரோடைன்’ (சிக்னலை வேறொரு அலைவரிசைக்கு மாற்றி வடிகட்டும் வகை) ரிசீவர் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ரேடியோவில் ஒன்று 25 வாட்டும் நல்ல ரிசீவரும், மற்றது 50 வாட்டும் ஒற்றைச் சிப்பும் என்றால், நகரத்தில் ஓட்டுபவருக்கு நான் 25 வாட்டைத்தான் சொல்வேன்.

சரி, பெயர்கள். விஎச்எஃப் மட்டும் போதும் என்பவர்களுக்கு கென்வுட் டிஎம்-281ஏ, ஐகாம் ஐசி-2300எச் இரண்டும் 65 வாட் தருபவை. யேசு (Yaesu) கம்பெனியின் எஃப்டி-2980ஆர் 80 வாட். அதில் விசிறியே கிடையாது, பின்பக்கம் முழுவதும் சூட்டை வெளியேற்றும் பெரிய உலோக ஹீட்சிங்க். கனமான ரேடியோ, மெல்லிய பிளாஸ்டிக் டாஷ்போர்டில் தொங்கவிட முடியாது. சிங்கிள் பேண்ட் ரேடியோக்களை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம், கொடுக்கிற பணம் ஒரே பேண்டுக்கான ரிசீவருக்கும் பவர் பகுதிக்கும் போகிறது, மெனுவும் எளிமை, இருட்டில் தடவியே இயக்கலாம். டூயல் பேண்டில் விலை குறைந்த 50 வாட் வகைக்கு டிஒய்டி டிஎச்-7800 போன்றவை இருக்கின்றன. எனிடோன் ஏடி-778யுவி 25 வாட் வகை. கியூஒய்டி கேடி-8900 போன்ற உள்ளங்கை அளவு ரேடியோக்களும் 25 வாட் வகைதான். இடம் இல்லாத வண்டிக்கு அவை சரி, ஆனால் தொடர்ந்து ஃபுல் பவரில் பேச அந்தச் சின்ன உடம்பு தாங்காது. டூயல் பேண்ட் ரேடியோக்களில் யுஎச்எஃப் பக்கம் பெரும்பாலும் சில வாட் குறைவாகவே வரும். அதை ஒரு குறையாக எண்ண வேண்டாம்.

சூடு பற்றிச் சொன்னேன், அதன் கணக்கையும் பாருங்கள். 50 வாட் ரேடியோ பேசும்போது 13.8 வோல்ட்டில் ஏறக்குறைய 12 ஆம்பியர் இழுக்கும். உள்ளே போவது 165 வாட், ஆண்டெனாவுக்குப் போவது 50. மீதி 115 வாட் அப்படியே சூடாகிறது. சீட்டுக்கு அடியில் வைத்து மேலே துணியைப் போட்டு மூடினால் எந்தக் கம்பெனி ரேடியோவும் நிலைக்காது. காற்றோட்டம் உள்ள இடத்தில் பெட்டியை வைத்து, முகப்பை மட்டும் கழற்றி டாஷ்போர்டில் பொருத்தும் வசதி உள்ள மாடல் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் வாங்கலாம்.

பழைய ரேடியோ வாங்கத் தயங்காதவர் என்றால், கம்பெனிகளும் வாகன நிறுவனங்களும் பயன்படுத்திக் கழித்த கமர்ஷியல் ரேடியோக்களைப் பாருங்கள். இவை நாள் முழுக்க அதிரும் வண்டிகளில் கிடந்து பேசுவதற்காகவே செய்தவை; ரிசீவர் கல் மாதிரி நிற்கும். அமெரிக்காவில் 2013 ஜனவரி 1 முதல் 150 முதல் 512 மெகாஹெர்ட்ஸ் வரை இருந்த நிறுவன ரேடியோக்கள் 12.5 கிலோஹெர்ட்ஸ் குறுகிய சேனலுக்கு மாற வேண்டும் என்று விதி வந்தபோது, மாற முடியாத நல்ல ரேடியோக்கள் ஏராளமாகப் பழைய சந்தைக்கு வந்தன. ஆனால் வாங்கும் முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். அவை முழு பேண்டையும் தராது, குறிப்பிட்ட ஒரு துண்டுக்கு மட்டுமே செய்யப்பட்டிருக்கும். லேபிளில் இருக்கும் மாடல் எண்ணை வைத்து உங்கள் அலைவரிசை அதற்குள் வருகிறதா என்று உறுதி செய்யுங்கள். அப்புறம், பெரும்பாலானவற்றில் முகப்பிலிருந்து அலைவரிசையை மாற்ற முடியாது, அதற்கென்று உள்ள சாஃப்ட்வேரும் கேபிளும் வேண்டும். அவை இரண்டும் கைக்குக் கிடைக்கும் என்று தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள்.

இனி வயரிங். ரேடியோ சரியில்லை என்று கொண்டுவரப்படுபவற்றில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் 50 வாட் ரேடியோவைச் செருகவே கூடாது. அந்த சாக்கெட்டின் வயரும் ஸ்பிரிங் தொடுமுனையும் தொடர்ந்து 12 ஆம்பியருக்கு ஆனவை அல்ல. சூடாகும், இளகும், பேசும்போது ரேடியோ அணைந்து அணைந்து எரியும். பேட்டரியிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும். பேட்டரியிலிருந்து ரேடியோவுக்கு 4 மீட்டர் என்று வையுங்கள். போக 4, வர 4, மொத்தம் 8 மீட்டர் செம்பு. 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 12 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.6 வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடும். 2.5 சதுர மில்லிமீட்டரில் 0.7 வோல்ட்டுக்குள் நிற்கும். 4 சதுர மில்லிமீட்டரில் 0.4 வோல்ட் அளவுதான். இன்ஜின் அணைந்திருக்கும்போது பேட்டரி முழுமையாக இருந்தாலும் 12.6 வோல்ட்தான். அதில் 1.6 போனால் ரேடியோவுக்கு வருவது 11 வோல்ட். பெரும்பாலான மொபைல் ரேடியோக்கள் 13.8 வோல்ட்டுக்கு 15 சதவீதம் கூடக் குறைய, அதாவது 11.7 வரைதான் தாங்கும் என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே பவர் குறையும், சில ரேடியோக்கள் ரீசெட் ஆகும். 80 வாட் ரேடியோ 15 ஆம்பியர் இழுக்கும், அங்கே நிலைமை இன்னும் மோசம். மலிவு வயர்க்கட்டுகளில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதைச் செம்பு என்று விற்கிறார்கள். நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதை ஒதுக்கிவிடுங்கள்.

இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, அதன் முனைகளை ரேடியோவின் பின்னால் வரும் பவர் பிளக்கில் தொட்டுப் பிடியுங்கள். பேசும் பட்டனை அழுத்தாமல் ஒரு அளவு, ஃபுல் பவரில் அழுத்திக்கொண்டு ஒரு அளவு. இரண்டுக்கும் வித்தியாசம் 0.5 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 1 வோல்ட்டைத் தாண்டினால் வயரோ, ஃபியூஸ் ஹோல்டரோ, பேட்டரி முனையில் கடித்திருக்கும் வளையமோ சரியில்லை. அழுத்திக்கொண்டே ஒவ்வொரு இணைப்புக்கும் முன்னும் பின்னும் தொட்டுப் பார்த்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். இந்தச் சோதனைக்கு ஆண்டெனாவுக்குப் பதில் டம்மி லோட் (சிக்னலை வெளியே விடாமல் சக்தியை வாங்கிக்கொள்ளும் கருவி) போடுங்கள். யாருக்கும் இடைஞ்சல் இருக்காது.

ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில், எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தால் இடையிலுள்ள வயர் எங்காவது தகட்டில் உரசித் தோல் உரியும்போது காப்பாற்ற ஒன்றும் இருக்காது. பானெட்டிலிருந்து கேபினுக்குள் வயர் நுழையும் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். புதிய கார்கள் பலவற்றில் பேட்டரியின் மைனஸ் முனையிலேயே மின்னோட்டத்தை அளக்கும் சின்ன சென்சார் ஒன்று உட்கார்ந்திருக்கும். அந்த வண்டிகளில் ரேடியோவின் மைனஸை நேராக முனையில் கட்டாமல், சென்சாரைத் தாண்டி வண்டியின் உடம்பில் போல்ட் போட்டிருக்கும் இடத்தில் கட்டுங்கள், இல்லாவிட்டால் அதன் கணக்கு தப்பும். லாரி, பஸ்ஸில் 24 வோல்ட். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை எடுத்தால் ஒன்று காய்ந்தும் மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகியும் இரண்டுமே கெடும். 20 ஆம்பியர் தாங்கும் 24-லிருந்து 13.8-க்கு இறக்கும் கன்வர்ட்டர்தான் வழி.

ஆண்டெனாவுக்கு நல்ல இடம் கூரையின் நடு. அங்கே சுற்றிலும் தகடு இருப்பதால் எல்லாத் திசையிலும் சமமாகப் போகும், உள்ளே இருப்பவர்களுக்கும் அந்தத் தகடே மறைப்பு. 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலை ஆண்டெனா, அதாவது அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ளது, அரை மீட்டர்தான். 5/8 அலை ஒன்றேகால் மீட்டர் அளவு வரும், சமவெளியில் கொஞ்சம் தூரம் கூட்டும். மலைப் பகுதியில் ரிப்பீட்டர் தலைக்கு மேலே இருக்கும்போது சாதாரணக் கால் அலையே சிறப்பாக வேலை செய்வதைப் பார்க்கலாம். கூரை ஃபைபர் என்றால் இவை இரண்டுமே சரிவராது. அடியில் உலோகத் தகடு தேவைப்படாத அரை அலை ஆண்டெனா வாங்க வேண்டும். கூரை அலுமினியம் என்றால் காந்தம் ஒட்டாது, துளையிட்டோ பிராக்கெட் வைத்தோ பொருத்த வேண்டும்.

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். வழக்கமான ஆர்ஜி-58 கேபிள் 5 மீட்டர் நீளத்தில் 145 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 1 டெசிபெல் தின்னும், 435-இல் கிட்டத்தட்ட 2. அதாவது யுஎச்எஃப்பில் 50 வாட் கிளம்பினால் ஆண்டெனாவுக்குப் போய்ச் சேருவது 32 வாட் அளவு. மீதி நீளத்தைச் சுருட்டி சீட்டுக்கு அடியில் வைக்காமல் வெட்டிப் புது கனெக்டர் போடுங்கள். எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனாவிலிருந்து சக்தி எவ்வளவு திரும்புகிறது என்பதைச் சொல்லும் விகிதம்) 1.5 வரை இருந்தால் கவலைப்பட வேண்டாம், திரும்பி வருவது 4 சதவீதம்தான். 2 என்றால் 11 சதவீதம், 3 என்றால் 25. நல்ல ரேடியோ அந்த நிலையில் தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும்; மலிவு ரேடியோவில் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடலாம். எஸ்டபிள்யூஆர் மீட்டர் உங்கள் பேண்டுக்கு ஆனதா என்று பார்த்து வாங்குங்கள். 27 மெகாஹெர்ட்ஸ் சிபி (பொதுமக்கள் பேண்ட்) ரேடியோவுக்காகச் செய்த மீட்டர் இங்கே பொய் சொல்லும்.

எல்லாம் சரியாகப் பொருத்தியும் முன்பைவிட மோசமாகக் கேட்கிறது என்றால், டேஷ்கேமையும் போன் சார்ஜரையும் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். மலிவு சார்ஜர்கள் விஎச்எஃப் முழுவதும் இரைச்சலைக் கொட்டும். அதே போல ரேடியோவின் வைட், நேரோ (அகன்ற, குறுகிய சேனல்) அமைப்பு எதிர்முனையோடு ஒத்துப்போக வேண்டும். நீங்கள் நேரோவில் இருந்து அவர் வைடில் இருந்தால் உங்கள் குரல் அவருக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வரும், வாட் கூட்டினாலும் மாறாது.

உரிமத்தையும் சொல்லியாக வேண்டும். 50 வாட் ரேடியோ ஏறக்குறைய எந்த நாட்டிலும் உரிமம் இல்லாமல் பேசக்கூடியது அல்ல. உரிமம் தேவைப்படாத பேண்டுகள் இருக்கின்றன, ஆனால் அங்கே சக்தி வரம்பு மிகக் குறைவு. ஐரோப்பாவின் பிஎம்ஆர்446-இல் அரை வாட், அதுவும் கழற்ற முடியாத ஆண்டெனாவோடு. 144, 430 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேச ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோ தேர்வு எழுதி அழைப்புக்குறி வாங்க வேண்டும். தொழிலுக்கு என்றால் நிறுவன உரிமம். பல மலிவு ரேடியோக்கள் எல்லா அலைவரிசையிலும் அனுப்பத் திறந்தே வருகின்றன. போலீஸ், ஆம்புலன்ஸ் சேனல்களும் அதற்குள் அடக்கம். உங்களுக்குரிய சேனல்களை மட்டும் ஏற்றிவிட்டு மற்றவற்றைப் பூட்டிவிடுங்கள். 50 வாட்டில் அழுத்தும்போது ஆண்டெனாவிலிருந்து இரண்டு மீட்டருக்குள் வெளியே யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்வதும் ஓட்டுபவரின் பொறுப்பு.

பொருத்தி முடித்ததும் நீங்கள் வழக்கமாகப் போகும் வழியில் ஒரு முறை ஓட்டிக்கொண்டே, தெரிந்த ஒருவரோடு ஒவ்வொரு இடத்திலும் முதலில் லோ பவரில், பிறகு ஹை பவரில் பேசி அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கெல்லாம் 10 வாட்டிலேயே இரைச்சல் இல்லாமல் கேட்கிறதோ அங்கெல்லாம் லோவிலேயே விட்டுவிடலாம். ரேடியோ சூடாகாது, பேட்டரி மிஞ்சும், அதே அலைவரிசையைத் தொலைவில் பயன்படுத்துபவருக்கும் தொந்தரவு இல்லை. ஹை பவர் எந்த வளைவுகளில், எந்தப் பள்ளங்களில் தேவைப்படுகிறது என்பது அந்த ஒரு ஓட்டத்திலேயே தெரிந்துவிடும்.